அக்கா தலையாட்டினாள்

எனக்கு வாய் நீளம். வீட்டில் என் பட்டப்பெயரே ரேடியோ. ரயில் நிலையத்தில் விசாரணைக் கவுண்டரில் வேலை. எட்டு மணி நேரம் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து "மூணாவது பிளாட்பாரம், இருபது நிமிஷம் லேட்" என்று சொன்னதையே சொல்லிவிட்டு வந்தாலும் என் பேச்சு தீராது. அந்த மிச்சப் பேச்சு முழுவதையும் வாங்கிக்கொள்ள ஒரே ஒருத்திதான் இருந்தாள். என் அக்கா. அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. கண், பதினைந்து வயதில் ஓரத்திலிருந்து மங்க ஆரம்பித்து, முப்பதுக்குள் முழுதாகப் போய்விட்டது.

"அப்புறம் எப்படிப் பேசுவீங்க?" என்று கேட்காத ஆள் கிடையாது. கண் இருந்த காலத்தில் கை ஜாடையில் பேசினோம். கண் போன பிறகும் அதே ஜாடைதான். அவள் தன் இரண்டு கைகளையும் என் கைகளின் மேல் கவிழ்த்து வைத்துக்கொள்வாள். என் கை போகும் இடமெல்லாம் அவள் கையும் கூடவே வரும். விரல் நுனியால் கேட்டுக்கொள்வாள். அவசரத்துக்கு, கூட்டத்தில் நிற்கும்போது, முழங்கைக்குக் கீழே ஒரு தட்டு தட்டினால் ஆமாம், இரண்டு தட்டினால் இல்லை.

ஆட்களுக்கெல்லாம் எங்கள் வீட்டில் தனி ஜாடை உண்டு. அம்மாவுக்கு முகவாயில் ஒரு மரு. அதனால் முகவாயை ஒரு விரலால் தொட்டால் அம்மா. எனக்கு, உதட்டைக் கிள்ளுவது. காரணம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு கைகளையும் நெஞ்சின் மேல் குறுக்காக வைத்து அழுத்தினால் இறந்துபோய்விட்டார் என்று அர்த்தம். அப்பாவை அப்படித்தான் கிடத்தியிருந்தார்கள். அக்கா கண்ணால் பார்த்த கடைசி சாவு அது.

சாயங்காலம் ஏழு மணிக்கு டிவி தொடர். சோபாவில் தோளோடு தோள் ஒட்டி உட்காருவோம். அக்கா மணிக்கட்டை மடக்கிக் கைகளை என் கைகள் மேல் வைப்பாள். நான் ஆரம்பிப்பேன். திரையில் மாமியார் ஒரு வார்த்தை பேசினால் என் கையில் நாலு வார்த்தை சேரும், அதில் இரண்டு வசவு. ஒரு தொடர் முடிந்ததும் அடுத்தது, அதற்கப்புறம் கவுண்டர் கதை, பக்கத்து வீட்டுக் கதை. தினமும் மூன்று மணி நேரம் என்று வையுங்கள். அக்கா வெறுமனே கேட்கிற ஆளும் இல்லை. போலீஸ் கண்டுபிடிப்பதற்கு நாலு வாரம் முன்னாலேயே "அந்த டிரைவர்தான் திருடன், எழுதி வச்சுக்கோ" என்பாள். சரியாகவும் இருக்கும். எனக்குப் பொறாமையாக இருக்கும்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அவள் "மறுபடி சொல்லு" என்று கேட்க ஆரம்பித்தாள். முதலில் எப்போதாவது. பிறகு அடிக்கடி. நடுவில் கையை எடுத்துத் தண்ணீரை உதறுவதுபோல உதறுவாள். காலையில் எழுந்ததும் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டுக்கொள்வாள். நான் கவனித்தேன். "கையை மடக்கித் தலைக்கடியில வச்சுத் தூங்காத" என்று உபதேசமும் செய்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

ஒருநாள் தொடரில் முக்கியமான கட்டம். அக்கா நான்கு முறை "மறுபடி" என்றாள். நாலாவது முறை நான் கைகளை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். பிறகு அவள் கையைப் பிடித்து ஒவ்வொரு ஜாடையையும் அழுத்தி அழுத்திச் சொன்னேன்: "புரியலைன்னா விடு. எனக்கும்தான் கை வலிக்குது."

அது அவளுக்கு நன்றாகப் புரிந்தது. இரண்டு நாள் நான் எதுவும் சொல்லவில்லை. கோபம் என் மூக்கு நுனியில் இருக்கும், இறங்கக் கொஞ்சம் நேரமாகும். மூன்றாம் நாள் ஏழு மணிக்கு அவளே வந்து பக்கத்தில் உட்கார்ந்து கைகளை வைத்தாள். அதற்குப் பிறகு ஒரு நாளும் "மறுபடி" என்று கேட்கவில்லை. சொன்னதற்கெல்லாம் தலையாட்டினாள். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். "கொஞ்சம் அதட்டினாத்தான் வழிக்கு வர்றா" என்று பக்கத்து வீட்டம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். டிரைவர் திருடனா என்று அவள் ஊகம் சொல்வது நின்றுபோனதை நான் கவனிக்கவே இல்லை.

அம்மா அண்ணன் வீட்டில் இருந்தாள். அரை நாள் ரயில் பயணம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து ஒரு வாரம் எங்களோடு இருப்பாள். அந்த வாரம் முழுக்க அக்காவின் கை அம்மாவுக்குத்தான், எனக்குக் கிடைக்காது.

பத்து மாதத்துக்கு முன்னால் ஒரு காலை வேளையில் அண்ணன் போன் செய்தான். தூக்கத்திலேயே போய்விட்டாள் அம்மா. அக்கா அப்போது வேலையில் இருந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் துண்டும் போர்வையும் மடிக்கிற வேலை. அவள் மடித்த போர்வையில் மூலை பிசகாது. நான் நேராக அங்கே போய் அவளை வெளியே அழைத்து வந்தேன். துணி காயப்போடுகிற முற்றத்தில் ஒரு பெஞ்ச். அதில் உட்காரவைத்து, அவள் கைகளை என் கைகள் மேல் வைத்து, முகவாயைத் தொட்டேன். நெஞ்சில் கைகளைக் குறுக்காக வைத்து அழுத்தினேன். தூக்கத்தில், வலி இல்லாமல், இன்றைக்குக் காலையில் என்று எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு உடம்பு குலுங்கியது.

அக்கா சிரித்தாள்.

சத்தமாக இல்லை. தொடர் பார்க்கும்போது சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு. அப்புறம் என் கண்ணீர் அவள் மணிக்கட்டில் விழுந்திருக்க வேண்டும். சட்டென்று நிறுத்தினாள். என் முகத்தைத் தடவிப் பார்த்தாள். தலையாட்டினாள், மறுபடியும் தலையாட்டினாள், என் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். அதிர்ச்சியில் சிலர் சிரிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவளை நான் சாவுக்கு அழைத்துப் போகவில்லை. "அந்தக் கூட்டத்துல அவள எப்படி சமாளிப்ப? நீ மட்டும் வா" என்றான் அண்ணன். மற்ற நாளாக இருந்தால் அவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். அன்றைக்குச் சரி என்றேன். யார் வந்தார்கள், யார் அழுதார்கள், அம்மா முகம் எப்படி இருந்தது என்று அவள் கையில் சொல்லிக்கொண்டே இருக்க எனக்குத் தெம்பு இல்லை. அதுதான் உண்மை. பக்கத்து வீட்டம்மாவிடம் விட்டுவிட்டுப் போனேன்.

அங்கே சித்தி, "மூத்தவளுக்குச் சொன்னியா?" என்று கேட்டாள். "சொன்னேன் சித்தி. சிரிச்சா." அண்ணன் பக்கத்திலிருந்து, "அவளுக்குச் சொல்றது செவிடன் காதுல ஊதின சங்குதான்" என்றான். அம்மாவை எடுத்து இன்னும் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வந்தவர்கள் எல்லோரும் பார்க்க அவனோடு சண்டை போட்டேன். அவ எல்லாத்தையும் புரிஞ்சுக்குவா, உன்ன மாதிரி பத்துப் பேர விட நல்லாப் புரிஞ்சுக்குவா என்று கத்தினேன். அழுதுகொண்டே ஊர் திரும்பினேன்.

அதற்குப் பிறகு அக்கா எப்போதாவது தன் முகவாயைத் தொட்டுக் கேள்வியாக முகத்தை உயர்த்துவாள். நான் அவள் கைகளுக்கடியில் என் கைகளை மெல்ல நெஞ்சில் குறுக்காக வைத்துக் காட்டுவேன். தலையாட்டுவாள். இரண்டு பேரும் அதோடு விட்டுவிடுவோம். என்ன மனத்திடம் இவளுக்கு என்று நான் மலைத்துப் போவேன்.

போன மாதம் சலவைக்கூடத்தில் இஸ்திரி மேஜையின் சூடான தகட்டில் அக்காவின் வலது கை பட்டது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும். அவள் கையை எடுக்கவே இல்லை. தோல் கருகும் வாடை வந்து மேற்பார்வை பார்க்கிற அம்மா ஓடிப்போய் இழுத்திருக்கிறார். நான் போனபோது அக்கா கட்டுப் போட்ட விரல்களோடு, எல்லோரும் ஏன் தன்னைச் சுற்றி நிற்கிறார்கள் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

"உங்க அக்காவுக்கு விரல்ல உணர்ச்சியே இல்லம்மா" என்றார் அந்த அம்மா. "ஆறு மாசமா பாக்கறேன். துணிக் கிளிப் கையில நிக்க மாட்டேங்குது. போர்வை கோணலாகுது. நீங்க வீட்ல பாக்கலையா?"

தினமும் மூன்று மணி நேரம் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான்.

நரம்பு டாக்டர் அதிகம் பேசாத பெண்மணி. அக்காவின் கட்டைவிரலடியை அழுத்திப் பார்த்தார். மேடாக இருக்க வேண்டிய சதை வற்றிக் குழிந்திருந்தது. வலது கையில் அதிகம், இடது கையில் கொஞ்சம் குறைவு. பஞ்சை எடுத்தார்.

"நான் ஒவ்வொரு விரலா தொடுவேன். தொட்டதும் நீங்க அவங்க முட்டியில ஒரு தட்டு தட்டுங்க. தெரிஞ்சா தலையாட்டணும், தெரியலைன்னா சும்மா இருக்கணும். சொல்லிடுங்க."

சொன்னேன். அக்கா தலையாட்டினாள்.

டாக்டர் சுண்டுவிரலைத் தொட்டார், நான் தட்டினேன், அக்கா தலையாட்டினாள். மோதிர விரல், தலையாட்டினாள். நடுவிரல், தலையாட்டினாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்புறம் டாக்டர் பஞ்சை மேஜைமேல் வைத்துவிட்டு, தன் கைகளை மடியில் போட்டுக்கொண்டு, என்னைத் தட்டச் சொல்லிக் கண்ணைக் காட்டினார்.

தட்டினேன். அக்கா தலையாட்டினாள்.

மறுபடி தட்டச் சொன்னார். அக்கா தலையாட்டியதோடு சிரிக்கவும் செய்தாள். பரீட்சையில் எல்லா விடையும் சரியாகச் சொன்னவளின் சிரிப்பு.

"நீங்க சொல்றது அவங்களுக்குப் புரியுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் டாக்டர்.

"தலையாட்டுவா டாக்டர். சிரிக்கிற இடத்துல சரியா சிரிப்பா."

"சரியான இடம்னா?"

"நான் சிரிக்கும்போது..." என்று ஆரம்பித்தேன். பிறந்ததிலிருந்து ஓயாத வாய் அங்கே நின்றது. தோளோடு தோள் ஒட்டித்தானே உட்காருகிறோம். நான் சிரித்தால் என் தோள் குலுங்கும். அவள் என் விரலைக் கேட்டுச் சிரிக்கவில்லை. தோள் குலுங்கினால் சிரித்திருக்கிறாள்.

அடுத்த அறையில் மின்சாரப் பரிசோதனை. அங்கிருந்த டெக்னீஷியன் பொறுமைசாலி. விரலில் ஒரு வளையம் மாட்டி, மணிக்கட்டில் சின்னதாக ஷாக் கொடுத்து, திரையில் கோடு எழும்புகிறதா என்று பார்த்தார். சுண்டுவிரலுக்கு வைத்தபோது விரல் தானாகத் துள்ளியது, திரையில் அழகாக ஒரு மேடு வந்தது. அக்காவுக்கு ஒரே வேடிக்கை. "யாரோ சுண்டுவிரலைப் பிடிச்சுக் கூப்பிடறாங்க" என்றாள் ஜாடையில். அந்த ஜாடையே குழைந்துபோய்த்தான் வந்தது. ஒரு வருஷமாக அதை அவளுடைய அசட்டை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கட்டைவிரலுக்குப் பலம் இல்லாமல் அப்படி வந்திருக்கிறது. பிறகு நடுவிரலில் வளையத்தை மாட்டினார். கோடு படுத்தே கிடந்தது. ஷாக்கைக் கூட்டினார். அப்போதும் எழவில்லை.

"கைக்கு ரெண்டு மூணு நரம்பு வருதும்மா" என்றார் அவர். "சுண்டுவிரலுக்கும் மோதிர விரல்ல பாதிக்கும் வர்றது ஒண்ணு. அது நல்லாருக்கு. கட்டைவிரல்லேர்ந்து மிச்ச மூணரை விரலுக்கு வர்ற நரம்பு, மணிக்கட்டுல ஒரு சின்ன சந்து வழியா போகுது. சந்து இறுகினா நரம்பு நசுங்கும். தோட்டத்துக் குழாய் மேல கால் வச்ச மாதிரி. ஆரம்பத்துல காலை எடுத்தா தண்ணி வந்துடும். ரொம்ப நாள் மிதிச்சுட்டே இருந்தா குழாயே போயிடும்."

டாக்டர் அறைக்குத் திரும்பியதும் கேட்டேன், ஏன் இப்படி இறுகியது என்று.

"இதுதான் காரணம்னு ஒண்ண மட்டும் அடிச்சுச் சொல்ல முடியாது. உடம்புவாகு இருக்கலாம். துணி மடிக்கிற வேலை. மணிக்கட்டை ரொம்ப நேரம் மடக்கி வச்சிருக்கிறது..." என் கைகள்மேல் கவிழ்ந்திருந்த அக்காவின் கைகளை அவர் பார்த்தார். "இப்படி ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் இருப்பாங்க?"

"மூணு மணி நேரம். சில நாள் நாலு."

"எத்தனை வருஷமா?"

சொன்னேன். டாக்டர் எழுதிக்கொண்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அது பரவாயில்லை, கெட்டது அந்தத் தவளை மட்டும்தானே. நான் என் வாயால் இவள் கையைக் கெடுத்திருக்கிறேன். இவள் கை என்றால் காது, கண், ஊர், உலகம் எல்லாமும்.

"ஆபரேஷன் பண்ணணும்" என்றார். "முதல்ல வலது கை, ஆறு வாரம் கழிச்சு இடது கை. மேற்கொண்டு கெடாம நிறுத்தலாம். இடது கையில ஓரளவு உணர்ச்சி திரும்பலாம். வலது கையில எவ்வளவு வரும்னு என்னால சொல்ல முடியல. வந்தாலும் மாசக்கணக்குல ஆகும். ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா..."

ஒரு வருஷம் முன்னால் வலிக்கிறது, மரத்துப்போகிறது என்று அவள் ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்களா? சொன்னால் நான் பேசுவதை நிறுத்திவிடுவேன். கையை வெடுக்கென்று இழுத்து அவளுக்கு நான்தான் அதைக் கற்றுக்கொடுத்தேன். புரியாத பேச்சானாலும் பரவாயில்லை, பக்கத்தில் ஒரு தோள் இருந்தால் போதும் என்று முடிவு செய்திருக்கிறாள்.

வெளியே நடைவழியில், மருந்துச் சீட்டுக்குக் காத்திருக்கும் நாற்காலிகளில் அவளை உட்காரவைத்தேன். இந்த ஒன்றரை வருஷத்தில் என்னென்ன சொன்னேன் என்று மனதுக்குள் திருப்பிப் பார்த்தேன். மூன்று தொடர்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணின் கல்யாணம். கவுண்டரில் என்னோடு சண்டை போட்ட மொட்டைத்தலைக்காரர். போனால் போகட்டும், எல்லாம் குப்பை. அப்புறம் துணி காய்கிற முற்றமும் அந்த பெஞ்சும் ஞாபகம் வந்தன.



அவள் விரல்களுக்குச் சொல்லிப் பயனில்லை. எழுந்து அவள் எதிரில் மண்டியிட்டு, அவள் முகவாயையே என் விரலால் தொட்டேன். அம்மா.

அக்காவின் முகம் மலர்ந்தது. பத்து மாதமாக அந்த முகத்தை நான் பார்க்கவில்லை. கைகள் பரபரவென்று பேசின, குழறிக் குழறி. நான் கண் எடுக்காமல் பார்த்துப் படித்தேன்.

"அம்மாவா? வராங்களா? கோபம் போயிடுச்சா?"

அவள் கைகள் நிற்கவில்லை.

"போன தடவை வந்தப்ப அம்மா சொன்னது எனக்குப் புரியல. அஞ்சு தடவை திரும்பக் கேட்டேன். அதான் கோபம். அதான் இத்தனை மாசமா வரல. நான் உன்கிட்டக் கேட்டா நீ என்னமோ சொல்ற, எனக்குத் தெரியல. இனிமே கேக்க மாட்டேன்னு அம்மாகிட்டச் சொல்லு."

எதிர் நாற்காலியில் ஒரு பெரியவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும். நான் அவள் முகவாயை மறுபடி தொட்டேன். பிறகு அவளுடைய இரண்டு கைகளையும் எடுத்து, அவளுடைய நெஞ்சின் மேலேயே குறுக்காக வைத்து, என் கைகளால் அழுத்தினேன். நெஞ்சுக்கு உணர்ச்சி இருந்தது.

நான் கைகளை எடுத்த பிறகும் அவள் கைகள் அங்கேயே குறுக்காக இருந்தன. வெகுநேரம் கழித்து ஒரு கையை மட்டும் எடுத்துத் தன் முகவாயைத் தொட்டாள், மறுபடி நெஞ்சில் வைத்தாள், முகத்தை உயர்த்தினாள். முழங்கைக்குக் கீழே ஒரு தட்டு தட்டினேன். ஆமாம்.

"எப்ப?"

அதே இடத்தில் மாதத்துக்கு ஒன்றாகப் பத்து தட்டினேன். அவள் எண்ணினாள். உதடு அசைந்தது. பத்தாவது தட்டுக்குப் பிறகு இன்னும் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை.

"பெஞ்சுலயா?" என்றாள். "துணி காயற இடத்துல, நீ வந்தியே. அன்னைக்கா?"

ஒரு தட்டு.

"நீ அழுதே. அண்ணன்கூடச் சண்டைன்னு நெனச்சேன்."

எனக்கு உடம்பு குலுங்க ஆரம்பித்தது. அவள் கை என் தோளைத் தேடிப் பிடித்தது. பிடித்துக்கொண்டே இருந்தாள். சிரிப்பா, அழுகையா என்று அந்தக் குலுக்கலை அவள் எடை போடுவது எனக்குத் தெரிந்தது. கையை மெதுவாகத் திரும்ப எடுத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள். அவ்வளவு நிதானமாக, ஒவ்வொரு ஜாடையும் தெளிவாக அவள் பேசி ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும். கட்டைவிரல் நிற்காததால் இன்னொரு கையால் அதைப் பிடித்து நிறுத்திக்கொண்டு கேட்டாள்.

"அன்னைக்கு நான் சிரிச்சேனா?"

அவள் கையைப் பிடித்து, முழங்கைக்குக் கீழே இரண்டு தட்டு தட்டினேன். இல்லை.

அக்கா தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல் எனக்கு நன்றாகத் தெரியும். ஒன்றரை வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.